சின்யோராவின் மூன்றாவது கட்சி

அமெரிக்காவில் அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று யாராவது கேட்டால், பலெர்மோவில் இருக்கிற எந்தத் தமிழரையும் விட நான் நன்றாகச் சொல்வேன். சனாதிபதி ஒருவர், சபைகள் இரண்டு, பக்கத்தில் ஒரு பெரிய நீதிமன்றம். மூன்றும் ஒன்றின் சட்டையை ஒன்று பிடித்து இழுத்தபடியே இருக்கும். அப்படி இழுக்கட்டும் என்றுதான் அந்த நாட்டைத் தொடங்கியவர்கள் எழுதி வைத்தார்களாம். இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. இங்கே லிபெர்த்தா வீதியில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில், எண்பது தாண்டிய ஒரு அமெரிக்கப் பெண்ணைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மாத்திரை கொடுத்து, அந்த வேலைகளுக்கு நடுவில் படித்தேன். படிப்பு முடிவதற்குள் ஒரு அமெரிக்கனின் மண்டையையும் உடைத்தேன்.

நான் கோபக்காரி. அதை முதலே சொல்லிவிடுகிறேன். கொதி வந்தால் எனக்குத் தலைகால் தெரியாது. என் கணவர் பகேரியாவில் ஒரு பழைய மாளிகையின் தோட்டத்தில் வேலை செய்கிறார். காலை ரயிலைப் பிடிக்க அவ்வளவு அவசரமாக ஓடுவது வேலைக்காகவா, என் வாயிலிருந்து தப்பவா என்று அவரே கேட்பார்.

நான் பார்த்துக்கொள்கிற அந்த அமெரிக்கப் பெண்ணைச் சின்யோரா, அதாவது அம்மணி, என்றுதான் கூப்பிடுவேன். அவரும் கோபக்காரிதான். அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது. பலெர்மோ டாக்டர் ஒருவரைக் கட்டி, அமெரிக்காவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, கடைசிக் காலத்தில் அவரோடு இங்கே வந்தவர். டாக்டர் செத்துப்போனார். மகன் அமெரிக்காவில். சின்யோரா திரும்பிப் போக மாட்டேன் என்று அடம்பிடித்து இங்கேயே இருந்துவிட்டார். நாங்கள் கதைத்தது இத்தாலியனில். ஆனால் மனதுக்குப் பிடித்தவர்கள் எந்த மொழியில் கதைத்தாலும் என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அமெரிக்கச் செய்தி போட வேண்டும். யாராவது பொய் சொல்கிறார் என்று பட்டால், சின்யோரா காலில் இருக்கும் செருப்பைக் கழற்றி டிவியை நோக்கி எறிவார். கை நடுக்கத்தில் அது பூச்சாடியிலோ திரைச்சீலையிலோ போய் விழும். அதை எடுத்துவந்து திரும்ப மாட்டிவிடுவதும் என் வேலை. தேர்தல் நெருங்க நெருங்க எனக்கு இடுப்பு முறிந்தது.

"எந்த நாளும் இந்த ரெண்டு கட்சியையும்தானே காட்டுறாங்கள். அவ்வளவு பெரிய நாட்டிலை வேறை ஆக்களே இல்லையோ?" என்று ஒருநாள் செருப்பும் கையுமாகக் கேட்டேன்.

"ஏன் இல்லை? கனபேர் நிக்கினம். ஆரும் காட்டமாட்டினம்."

சாப்பிட்டு மிச்சம் இருந்த பயற்றங்காய்த் துண்டுகளை வைத்து அவர் விளங்கப்படுத்தினார். சனாதிபதியைத் தெரிவுசெய்ய ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு மாநிலத்தில் யார் ஒரு வோட்டாவது அதிகமாக எடுக்கிறாரோ, அநேகமாக எல்லா இடத்திலும், முழுக் கணக்கும் அவருக்குத்தான். தட்டில் இருந்ததை எல்லாம் ஒரே பக்கம் தள்ளிக் காட்டினார். இரண்டாவது ஆளுக்கே வெறும் தட்டு என்றால், மூன்றாவது ஆளின் கதை எனக்கு விளங்கிவிட்டது.

"அப்ப மூண்டாவதா நிக்கிறவைக்கு என்ன விசரோ?"

"விசர்தான்," என்று சிரித்தார். "நானும் அந்த விசருகளுக்குத்தான் போடுறன். ஒவ்வொரு முறையும். மரஞ்செடியையும் தண்ணியையும் பற்றிக் கதைக்கிற ஒரு சின்னக் கட்சி. ஒருநாளும் வெல்லாது."

நான் எழுந்துபோய் யன்னலைச் சாத்தினேன்.

யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போய்ச் சாத்தியது. கீழே வீதியில் மரநிழலில் ஒரு கிழவன் நாயோடு போய்க்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

"ஏனடி சாத்துறாய்? வெக்கை அவிக்குது."

"மெல்லக் கதையுங்கோ, சின்யோரா. ஆக்களுக்குக் கேட்டிடும்."

"கேக்கட்டும்! நான் என்ன களவெடுத்தனானோ?"

அவருக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்? எங்கள் ஊரிலும் அப்படிப் பல கட்சிகள் இருந்தன. நாங்கள் அவற்றை இயக்கம் என்போம். எல்லாரும் அரசாங்கத்தை எதிர்த்துத்தான் துவக்குத் தூக்கினார்கள். எந்தப் பெடியன் எந்த இயக்கத்துக்குப் போனான் என்பதற்குப் பெரிய காரணம் எதுவும் இருக்காது. டியூஷன் படிக்கிற டியூட்டரி வாசலில் முதலில் யார் வந்து கதைத்தார்களோ, அவர்களோடு போனார்கள். என் அண்ணா அப்படித்தான் போனான். அவன் போனது மூன்றாவதோ நான்காவதோ, ஒரு சின்ன இயக்கம். வெறும் நோட்டீஸ் ஒட்டுகிற வேலைதான் செய்தான். கையில் பசை காயாமல் வந்து சோறு கேட்பான்.

பிறகு ஒரு இயக்கம், இனி நாங்கள் மட்டும்தான் என்று முடிவெடுத்தது. மற்ற இயக்கத்துப் பெடியன்களைத் தேடித்தேடிக் கொன்றார்கள். சந்தியில் டயர் போட்டு எரித்தார்கள். நான் பள்ளிக்கூடச் சட்டையோடு அந்தச் சந்தியைக் கடந்தேன். ஒரு கால் மட்டும் எரியாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் பாட்டா செருப்பு இருந்தது. எரித்த பெடியன்கள் வெயிலில் களைத்துப்போய் நின்றார்கள். எங்கள் ஊர்ச் சனம், கோயிலுக்குப் போகிற சனம், அவர்களுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தது. இதை நான் கண்ணால் பார்த்தேன். யாராவது இல்லையென்று சொன்னால் இப்போதும் அடிக்கப் போவேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் அண்ணாவோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். எங்கள் வீட்டில் எத்தனையோ தரம் சாப்பிட்டவன். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"ஒண்டுமில்லை அம்மா. ஒரு கதை கதைக்கவேணும். கதைச்சிட்டு விடுறம்."

வீட்டுக்கு வந்தவரை என்ன விசயம் என்று கேட்பதற்கு முதல் அடுப்பில் கேத்தலை வைப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். அம்மாவும் வைத்தார். பால்மாவும் சீனியும் தட்டுப்பாடான நேரம். இருந்ததைப் போட்டு நல்ல சாயமாகத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். இருவரும் இருந்து ஆறுதலாகக் குடித்தார்கள். கூடப்படித்தவன் கிளாசைத் தானே குசினிக்குள் கொண்டுவந்து வைத்து, "நல்ல தேத்தண்ணி அம்மா" என்றான். பிறகு அண்ணாவைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் காலை அண்ணா பனங்காணியில் கிடந்தான். கை இரண்டையும் பின்னால் கட்டியிருந்தார்கள். முகத்தை வைத்து அடையாளம் காண முடியாது. விரலில் இருந்த பசையை வைத்துத்தான் அம்மா கண்டுபிடித்தார். கழுத்தில் ஒரு மட்டை தொங்கியது. துரோகி என்று எழுதியிருந்தது.

அன்றைக்குப் பிறகு படலையைத் திறந்து வந்த ஒருவருக்கும் அம்மா தேத்தண்ணி ஊற்றியதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூட இல்லை. மாப்பிள்ளை வீட்டார் தொண்டை காய்ந்து எழுந்து போனார்கள். சனம் அம்மாவை விசரி என்றது. சோடா கொடுத்த சனம்.

சின்யோராவுக்கு இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. பலெர்மோவில் எங்கள் ஆட்களுக்குள்ளும் இதைக் கதைப்பதில்லை. கோயில் பொங்கலிலும் தேவாலயத் திருநாளிலும் எல்லா இயக்கத்து ஆட்களும் ஒரே வரிசையில் நின்று சாப்பாடு வாங்குவோம். நீங்கள் முந்தி எந்தப் பக்கம் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் கிழவி கேட்க வேண்டுமே! அன்றிலிருந்து அவருக்கு நான் வகுப்பு மாணவி ஆகிவிட்டேன். எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. சனாதிபதி சொன்னதைச் சபை மறுக்கலாம். சபை சொன்னதைச் சனாதிபதி மறுக்கலாம். இருவர் செய்ததையும் நீதிமன்றம் தூக்கி எறியலாம். "எறிஞ்சா ஆரைச் சுடுவினம்?" என்று நான் கேட்பேன். "ஒருத்தரையும் சுடுறேல்லை. அடுத்த நாள் வேறை வழக்குப் போடுவினம்." நான் நம்பவில்லை. அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தில் சுடுகிறார்கள், கடையில் சுடுகிறார்கள். இதற்கு மட்டும் சுட மாட்டார்களா?

என் பயத்துக்கு எண்ணெய் ஊற்றியது மகனின் தொலைபேசி. அவன் இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றுக்கு வீடுவீடாகப் போய் வோட்டுக் கேட்கிறவன். சின்யோரா கடைசியாக வாழ்ந்ததும் அவன் வாழ்வதும் ஒரே மாநிலம். அங்கே கையளவு வோட்டில் எல்லாம் கவிழுமாம். வெளிநாட்டில் இருந்தாலும் சின்யோராவின் வோட்டு அந்த மாநிலத்துக் கணக்கில்தான் விழும். தாயின் வோட்டு தன் கட்சிக்கு வராமல் அந்த மரஞ்செடிக் கட்சிக்குப் போகிறதே என்று அவன் ஒவ்வொரு நாளும் கத்தினான். போனை மேசையில் வைத்தால், அந்தக் கத்தல் குசினி வரைக்கும் வரும்.

"என்ன சொல்லுறார்?" என்று கேட்டேன்.

"என்ர ஒரு வோட்டாலை தாங்கள் எல்லாரும் சாகப்போகினமாம். தன்ர முதுகிலை நான் குத்துறனாம்." சின்யோரா சிரித்தார். "விடு, சின்னனிலையும் இவன் இப்பிடித்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகில் குத்துவது என்றால் எங்கள் ஊரில் துரோகி. துரோகி என்றால் மட்டை.

வோட்டுச் சீட்டு கம்ப்யூட்டரில் வந்தது; அதை ஒருதரம்தான் இறக்கி எடுக்கலாமாம். மக்வேதா வீதியில் போன் விற்கிற கடையில் கொடுத்து அச்செடுத்து வந்தேன். கட்சிக்கு நேரே உள்ள சின்ன வட்டத்தைச் சின்யோராவே கறுப்பாக்க வேண்டும். கை நடுங்கியது. பிடிக்கட்டுமா என்று கேட்டதற்கு என் கையில் அடித்தார். "இதிலை உன்ர கை படக்கூடாது. இது என்ரது." இடது கையால் வலது கையைப் பிடித்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே போகாமல் வட்டத்தை நிரப்பினார். உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்து வைத்தார். முகம் வியர்த்துப்போய்ச் சந்தோசமாக இருந்தது. அவருக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது இந்த ஒரு வேலைதான் என்று எனக்குப் பட்டது. குளிப்பதற்கும் சாப்பிடுவதற்கும் என் கை வேண்டும். இதற்கு மட்டும் யாரும் வேண்டாம். உறையை வாசல் நடையில் இருந்த மேசையில் சாவிக் கிண்ணத்துக்குக் கீழே வைத்தேன். நாளைக்குத் தபாலில் போட வேண்டும்.

மறுநாள் மத்தியானம் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். பால் விட்டுச் சீனி போட்டுக் கொடுத்தால் பல் இல்லாத வாய்க்கு அது நன்றாக இறங்கும். சின்யோரா அறையில் தூக்கம். மணி அடித்தது. ஊரிலிருந்து சூட்கேசில் கொண்டுவந்த பித்தளை இடியப்ப உரல் கையில் இருந்தபடியே போய்க் கதவைத் திறந்தேன்.

இரண்டு பேர். முன்னால் நின்றவன் மொட்டைத் தலை, கறுப்புச் சட்டை, கதவு நிறைந்த உடம்பு. லிஃப்ட் பழுது என்பதால் மூச்சு வாங்கியது. பின்னால் இன்னொருவன், முகம் தெரியவில்லை. முன்னவன் என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, உடைந்த இத்தாலியனில் சொன்னான்:

"சின்யோரா இருக்கிறாவோ? ஒண்டுமில்லை. ஒரு கதை கதைக்கவேணும்."

அதே சொல். கடல் தாண்டி, இத்தனை வருடம் தாண்டி, அதே சொல்.

"இல்லை. போங்கோ," என்று கதவைத் தள்ளினேன். அவன் இடையில் காலை வைத்தான். தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். கண் நேரே வாசல் நடை மேசைக்குப் போனது. கிண்ணத்தைத் தள்ளிவிட்டு உறையை எடுத்தான். சாவிகள் சலசலவென்று தரையில் கொட்டின.

"ஓ, இதைத்தான் தேடினனான்," என்றான்.

ஓங்கி அடித்தேன். உரல் நெற்றியில் பட்ட சத்தம் தேங்காய் உடைகிற மாதிரி இருந்தது. இரத்தம் சுவரில் அடித்தது. அவன் மேசையோடு சரிந்தான். எனக்குப் போதவில்லை. தோளில் இன்னொன்று போட்டேன். "அறுவானே! குறுக்காலை போவானே! ஆரைக் கொண்டுபோக வந்தனி? கேக்கிறன், ஆரைக் கொண்டுபோக வந்தனி?" என்று தமிழில் கத்தினேன். உரலின் துளைகளிலிருந்து மா புழுப்புழுவாக அவன் மொட்டைத் தலையில் விழுந்தது. பின்னால் நின்றவன் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, கொலை, கொலை என்று கூவிக்கொண்டு படியிறங்கி ஓடினான். போட்டது ஒரு பயணப் பெட்டி. ஓடியவன் டாக்சிக்காரன்.

பெட்டியைப் பார்த்ததும்தான் எனக்கு ஏதோ பிழையாகிவிட்டது என்று உறைத்தது. இப்படியான வேலைக்கு வருகிறவர்கள் பெட்டியோடு வருவதில்லை.

சின்யோரா நடைவண்டியைப் பிடித்தபடி அறை வாசலில் நின்றார். வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டார். அது இங்கிலிஷ். ஆனால் உலகத்தில் எந்தத் தாய் போட்டாலும் எனக்கு விளங்குகிற சத்தம். ஐயோ, என்ர பிள்ளை.

கடவுளே! மகன். சுவரில் தொங்குகிற படத்தில் தலை நிறைய மயிரோடு நிற்கிற மகன். சொல்லாமல் வந்து நேரில் நின்று தாயின் மனதை மாற்றலாம் என்று விமானம் ஏறி வந்திருக்கிறான். நான் நிலத்தில் இருந்துவிட்டேன். பொலிஸ், பொலிஸ் என்று அவன் கத்தியது மட்டும் கேட்டது. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் வரிசையில் நின்று நின்று வாங்கிய பெர்மெசோவும், அந்த வதிவிட அனுமதியும், இந்த நாட்டில் நான் இருந்த காலம் முழுவதும், அந்த இரத்தத்தில் போகிறது என்று நினைத்தேன்.

சின்யோரா அழவில்லை. மகனின் கையைப் பார்த்தார். உறை இரத்தத்தில் நனைந்து அவன் கைப்பிடிக்குள் கசங்கிக் கிடந்தது.

"அதை இஞ்சை தா."

அவன் தாயைப் பார்த்தான். நெற்றியிலிருந்து வழிந்தது கண்ணுக்குள் போயிருந்தது. அந்த ஆத்திரத்தில் உறையை இரண்டாகக் கிழித்தான். இரண்டை நாலாக்கினான். சின்யோரா நடைவண்டியை விட்டுவிட்டு, பக்கத்தில் சாத்தியிருந்த ஊன்றுகோலைத் தூக்கி அவன் முழங்காலில் வீசினார். செருப்பு ஒருநாளும் டிவியில் படாது. ஊன்றுகோல் குறி தப்பவில்லை. அவன் ஆ என்று குனிந்தான். இன்னொன்று முதுகில் விழுந்தது. பிறகு இருவரும் இங்கிலிஷில் ஒருவரையொருவர் குதறினார்கள். நான் இடையில் புகுந்து சின்யோராவை விழாமல் பிடித்தேன்.

"என்ரது," என்று என்னைப் பார்த்து இத்தாலியனில் சொன்னார். "என்ரதைக் கிழிச்சுப்போட்டான்."

கடைசியில் ஒரு துவாயை எடுத்து மகனின் முகத்தில் எறிந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உடைச்சவள் நீ. நீயே ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ."

போனேன். வேறென்ன செய்ய? அவசரப் பிரிவில் பிளாஸ்டிக் கதிரைகளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். அவன் தலையில் துவாய். துவாயில் இரத்தமும் அரிசிமாவும். எப்படி நடந்தது என்று தாதி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவன், "குசினி அலுமாரிக் கதவு," என்றான். தாதி என்னைப் பார்த்தார், என் சட்டையில் இருந்த மாவைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார்.

"ஏன் அடிச்சனி?" என்று அவன் கேட்டான். கோபமாகத்தான் கேட்டான்.

சொன்னேன். என் இத்தாலியன் குளிப்பாட்டவும் சமைக்கவும் போதுமானது. அண்ணாவைச் சொல்லப் போதாது. ஆனாலும் சொன்னேன். இயக்கம், சைக்கிள், தேத்தண்ணி, பனங்காணி, மட்டை. ஒரு கதை கதைக்கவேணும் என்று வந்தவர்கள். அவன் துவாயை எடுத்துவிட்டு என்னையே பார்த்தான்.

"அவ என்ர அம்மா," என்றான். "ஒரு வோட்டுக்காக என்ர அம்மாவை நான் கொல்லுவன் எண்டோ நினைச்சனி?"

"ஓம்," என்றேன். "அப்பிடித்தான் நினைச்சன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். என் முகத்தைக் கண்டதும் விட்டுவிட்டான். பெயர் கூப்பிட்டதும் எழுந்து போனான்.

தையல் போட்டுக்கொண்டு திரும்பிவந்தபோது சின்யோரா கிழிந்த துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், சுவரைப் பார்த்தபடி இருந்தார். இரத்தத்தில் ஊறியதை எங்கே ஒட்டுவது? அவன் எதிரே இருந்தான். நான் எழுந்தேன். குசினிக்குள் போய்க் கேத்தலை வைத்தேன். நல்ல சாயமாக, பால் விட்டு, சீனி போட்டு, அவன் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவன் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.

பாதியில் நிறுத்தி, "இப்பிடிப் பழுதாப்போனா வேறை சீட்டு இருக்கு," என்றான். "வெறுஞ்சீட்டு. பேரைக் கையாலை எழுதி அனுப்பலாம்."

"எனக்குத் தெரியும்," என்றார் சின்யோரா சுவரிடம்.

அவன் போனை எடுத்துத் தேடினான். "விசர் வேலை அம்மா. நான் சொல்லுறன், இது சுத்த விசர் வேலை," என்று சொல்லிச் சொல்லியே தேடி எடுத்து, அச்செடுக்கிற கடையின் முகவரியை என்னிடம் கேட்டு அங்கே அனுப்பினான். மிச்சத் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தான். தாயின் தலையில் ஒரு முத்தம் வைத்தான். சின்யோரா திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஹோட்டலுக்குப் போகிறேன் என்று படியிறங்கினான். நான் படிக்கட்டில் நின்று, அவன் கீழே வாசலைத் தாண்டும் வரைக்கும் பார்த்தேன்.

நான் அச்செடுத்து வந்த வெறுஞ்சீட்டில் சின்யோரா தன் சின்னக் கட்சி ஆளின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, நெற்றி வியர்க்க எழுதினார். நானே தபாலில் போட்டேன்.

தேர்தல் முடிவு வந்த அன்று, சின்னக் கட்சிக்கு வழக்கம்போல வெறும் தட்டு. மகனின் கட்சியும் தோற்றது. அவன் போன் எடுத்துக் கத்தினான். சின்யோரா போனைக் காதுக்குத் தூரமாகப் பிடித்தார். கத்தி முடித்துவிட்டு அவன் என்னைக் கூப்பிட்டு, அம்மா சாப்பிட்டாவா என்று கேட்டான்.

"இப்ப உங்கட ஆக்களுக்கு என்ன நடக்கும்?" என்று சின்யோராவிடம் கேட்டேன்.

"என்ன நடக்கிறது? வீட்டை போவினம்."

"எல்லாருமோ?"

"எல்லாரும்தான். வேறையெங்கை போறது? நாலு வருசத்தாலை திரும்பி வந்து, திரும்பத் தோப்பினம்."

நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த நாட்டின் பணத்திலும் பவிசிலும் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை. தோற்றவர்கள் வீட்டுக்குப் போகிறார்களே, அதில்தான் பொறாமை. என் அண்ணாவும் தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். வந்து சோறு கேட்டிருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் எடுத்து அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு இப்போது கண் தெரியாது. காது மட்டும் கூர்மை. சிரிப்பார் என்று நினைத்து, உரலையும் மொட்டைத் தலையில் விழுந்த மாவையும் கூட்டிச் சொன்னேன். சிரிக்கவில்லை.

"உடைச்சுப்போட்டு, பேந்து அந்தப் பெடியனுக்குக் குடிக்க ஏதேன் குடுத்தனியோ?"

சொல்வதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. "தேத்தண்ணி குடுத்தனான் அம்மா," என்றேன்.

அம்மா போனை மற்றக் காதுக்கு மாற்றுவது கேட்டது.

"குடிச்சவனோ?"

"ஓம். முழுக்கக் குடிச்சவன்."

"குடிச்சிட்டு?"

"போயிட்டான்."

"ஆரைக் கூட்டிக்கொண்டு போனவன்?"

"ஒருத்தரையும் இல்லை அம்மா," என்றேன். "தனியத்தான் போனவன்."